புளியம்விளார் கதையின் மிச்சம்

லோதி ரோடு, புதுதில்லி
17-1-1982, ஞாயிறு

அன்புள்ள மகன் மாணிக்கவாசகத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், என் மூக்கு மட்டும் தில்லிக் குளிரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே மலைமேலே உனக்கும் உன் பட்டாளத்துக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போடு, ஒன்று போதும் என்று வீரம் காட்டாதே.

குவார்ட்டர்ஸ் புல்தரையில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, வெயில் நகர நகரக் கட்டிலையும் நகர்த்திக்கொண்டு எழுதுகிறேன், கண் சொக்குகிறது, எழுத்து கோணினால் அது தூக்கம் எழுதினது. உன் தங்கை சாந்தா விஷயம் சொல்ல வேண்டும். மஞ்சள்காமாலை என்று எழுதியிருந்தேன் அல்லவா, உடம்பு தேறிவிட்டது, ஆனால் இரண்டு மாதம் போகாததால் பத்தாம் வகுப்பு ரிஜிஸ்டரில் பேரை அடித்துவிட்டார்கள். டாக்டர் சீட்டோடு விண்ணப்பம் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். இவள்தான் மாட்டேன் என்றுவிட்டாள். பாடமெல்லாம் போச்சு, எல்லாரும் என்னையே பார்ப்பாங்க, நான் டைப் படிச்சு வேலைக்குப் போறேன் என்று போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டாள். அம்மா அழுது பார்த்தாள். நான் அதிகாரமாக இரண்டு வார்த்தை சொன்னேன், அதற்கு அவள், நீங்க மட்டும் புளியம்விளார் தேடிப் போகலாமாக்கும் என்றாள்.

அந்தக் கதை உனக்கு மனப்பாடம். ஒன்பதாவதில் கணக்கு வாத்தியார் என்னை அடிக்க என்னையே விளார் ஒடித்துவரச் சொன்னார், நல்ல விளாராகத் தேடிப் போனவன் தில்லி வரைக்கும் வந்துவிட்டேன், இன்னும் கிடைக்கவில்லை. இதே புல்தரையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மேல்வீட்டு வைத்தி சார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சிரிப்புக் காட்டியே பெற்ற பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்ட புத்திசாலி உன் அப்பன்.

போன ஞாயிறு எல்லோரும் வெயிலில் இருந்தபோது வைத்தி சார் வழக்கம்போலக் கதையை எடுத்துவிடுங்கோ என்றார். சாந்தாவும் ஓரத்தில் இருந்தாள். ஆரம்பித்தேன், வாய் வேறு பக்கம் போய்விட்டது. வெயிலோ தூக்கமோ, எதிரே ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவர் தெரிகிற மாதிரி இருந்தது. அடிக்குப் பயந்து ஓடினது நிஜம். ஆனால் மறுநாளிலிருந்து ஒரு மாதம், மணியடிக்கிற நேரத்துக்குப் போய் அந்தச் சுவருக்கு வெளியே நின்றேன். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது பாட்டு மாதிரி மிதந்து வரும். வாத்தியாரோ, எங்கள் அய்யாவோ, கூடப் படித்த ஒருவனோ வந்து, நம்மூர்ப் பேச்சில் வாலே என்று ஒரு சொல் கூப்பிட்டால் போயிருப்பேன். யாரும் வரவில்லை. தானாகப் போக வெட்கம். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை, வைத்தி சார் வீட்டு மீனாக்ஷி மாமி ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை ஒரே பனிமூட்டம், வாசல் வேப்பமரமே காணோம். கதவைத் தட்டுகிற சத்தம், திறந்தால் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைக்கிறார்கள். குரங்குக் குல்லாயோடு வைத்தி சார், இங்கிலீஷில் தானே எழுதிய விண்ணப்பத்தோடு. சாயங்காலக் கணக்கு என் பொறுப்பு என்று மாமி. எதிர்வீட்டு சர்தார்ஜியின் மனைவி, தன் மகளின் நோட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு, சலோ பேட்டி, ஜல்தி என்று சாந்தாவைக் கிளப்பிக்கொண்டு. பேசிவைத்து வரவில்லையாம், ஒருவரை ஒருவர் பார்த்து அவர்களே திகைத்தார்கள். சாந்தா எட்டிப்பார்த்தாள், இவ்வளவு பேருமா என்றாள், உள்ளே போய்ச் சடை பின்னிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை அழைப்பு மாதிரிப் பனிக்குள் நடந்தோம், முன்னால் போகிறவர் முதுகு மட்டும் தெரிந்தது. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு வாரத்தில் ஒரு நாளும் மட்டம் போடவில்லை. நேற்று வைத்த கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு ஒன்பது வாங்கியிருக்கிறாள், பரம்பரைச் சொத்து என்று சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை.

தம்பி, சொல்ல வந்தது இனிமேல்தான். நீ பத்தாவது முடிக்காமல் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோதும் விளார் கதையைச் சொல்லித்தான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ரயில் கிளம்புகிறவரை ஜன்னலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், இப்போது அடிக்கடி கனவில் வருகிறது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாயோ என்னவோ. பட்டாளத்தில் இருந்துகொண்டே தபாலில் படித்துப் பரீட்சை எழுதலாம் என்று வைத்தி சார் விசாரித்து வந்திருக்கிறார். ஐந்து வருஷம் தாமதம்தான், இருந்தாலும் கூப்பிடுகிறேன். வாலே.

அம்மன் உனக்கு எப்போதும் துணை இருப்பாள். அம்மாவின் ஆசியும் சாந்தாவின் அன்பும் இதோடு வருகின்றன. ஃபாரம் உள்ளே இருக்கிறது, போட்டோ ஒட்டிக் கையெழுத்துப் போட்டு இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லசிவம்