நீ உலர்த்திய மணல்

இன்று காலை எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் புது அலுமினியத் தட்டுகள் வந்திறங்கின. உறையைப் பிரித்ததும் வந்த மெல்லிய எண்ணெய் வாடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஓசூரில் பத்து வருடமாக வண்டி உதிரிபாகங்களின் உலோகத்தைச் சோதிப்பவளுக்கு அலுமினியம் புதிதில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்ல வேண்டியதை இன்றாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு உன்மேல் பொறாமை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே. நான் கெலமங்கலத்தில் தக்காளித் தோட்டம் உள்ள வீட்டுப் பெண். நீ அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமம். ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அன்று வகுப்பே இல்லை. உன் அம்மா ஒரு பருவத்தில் எங்கள் தோட்டத்துக்குக் காய் பறிக்க வந்திருக்கிறார். மதிப்பெண்ணில் எப்போதும் நான்தான் முன்னால். அப்படியும், ஆராய்ச்சிப் படிப்புக்காக நாம் இருவரும் பெங்களூருக்கு நேர்காணலுக்குப் போனபோது இடம் உனக்குக் கிடைத்தது.

இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். அலுமினியத்தின் ஐசோடோப்புகளால் என்ன பயன்? நான் ஒப்பித்தேன். அலுமினியம்-27 நிலையானது, பாத்திரமும் வண்டியும் அதில்தான் செய்கிறோம். 28 இரண்டே நிமிடத்தில் பாதியாகிவிடும். 26 பாதியாக ஏழு லட்சம் ஆண்டு ஆகும், உடம்பு எவ்வளவு அலுமினியத்தை உள்ளே வாங்குகிறது என்று பார்க்கக்கூட அது உதவும். நீ 26-ஐப் பற்றி மட்டும் பேசினாயாம். வானிலிருந்து வரும் கதிர்கள் பட்டு குவார்ட்ஸ் எனும் வெள்ளை வெங்கச்சங்கல்லுக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறது. கல் ஆழத்தில் புதைந்தால் உண்டாவது நின்று, இருப்பதும் குறையத் தொடங்குகிறது. அதே கதிர்களால் கூடவே பிறந்து, அதைவிட மெதுவாகக் குறையும் பெரிலியம்-10 உடன் ஒப்பிட்டு மிச்சத்தை அளந்தால், புதைந்த காலம் தெரிந்துவிடும்.

“எங்க ஊர் ஆத்துக் கல்லு எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும் சார்னேன்டி. சிரிச்சிட்டாங்க,” என்று திரும்பும் பேருந்தில் சொன்னாய். நானும் சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் கிணறு வெட்ட, முப்பது அடிக்குக் கீழே பழைய ஆற்றின் கூழாங்கற்கள் கிடைத்தன. இரண்டு மூட்டை அள்ளிப் போனாய். நொறுக்கி, அமிலத்தில் கழுவி மணலாக்கினாய். அதில் சாதாரண அலுமினியம் கூடுதலாக இருந்தால் அபூர்வமான 26 அந்தக் கூட்டத்தில் தொலைந்துவிடும். அந்தச் சாதாரண அலுமினியத்தை அளந்து பார்க்க, அப்போதே ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த என்னிடம் வந்தாய். ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே இருந்தது. திரும்பப் போய் மறுபடி கழுவினாய். கழுவக் கழுவ மணல் கரைந்து குறைந்தது.

ஒரு சனிக்கிழமை உன் ஆய்வகத்துக்கு வந்தேன். கழுவிய மணலை, அமில ஈரம் போகும் முன்பே, அலுமினியத் தட்டில் கொட்டி உலர்த்திக்கொண்டிருந்தாய். அமிலம் தட்டை அரித்து மணலில் சேர்க்கிறது என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். அப்போது உன் பேராசிரியர் வந்து, வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு உன் பெயரை அனுப்பியிருப்பதாகச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு வாரம் சொல்லவில்லை. அதற்குள் மூன்று முறை நீ ஓசூருக்கு வந்து ஏமாந்து திரும்பினாய். உன் கைதான் சரியில்லையோ என்று என்னிடமே கேட்டாய். எனக்கு உள்ளே இனித்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

கடைசியில் ஒரு பிடி மணலோடு வந்து என் முன்னால் அழுதாய். அன்று சொன்னேன்.

“எப்பலருந்து தெரியும் உனக்கு?” என்றாய்.

“அந்தச் சனிக்கிழமையிலருந்து.”

அதற்குள் கிணற்றுக்கு சிமென்ட் உறை இறக்கி, தண்ணீரும் நிறைந்துவிட்டிருந்தது. அங்கே இனி ஒரு கல்லும் எடுக்க முடியாது. நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு, மணலைப் பொட்டலத்தில் மடித்துக்கொண்டு, “வேற கிணறு தேடணும். லீவு போட்டுட்டு நீயும் வா,” என்றாய். அது மன்னிப்பு இல்லை, உத்தரவு. வந்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்து வேறொரு கிணற்றைக் கண்டுபிடித்தோம். கல் மூட்டையை நான்தான் சுமந்தேன். இந்த முறை பிளாஸ்டிக் கிண்ணத்தில் உலர்த்தினாய். என் கருவியில் அளவு சரசரவென்று இறங்கியபோது நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

மணலிலுள்ள 26-ஐ அளக்க வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் உனக்குக் காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் நீ இல்லை.

முடிவு உன் பேராசிரியருக்கு வந்தது. கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது. அதன் அட்டவணையில் முதல் கிணற்றுக்கு நேரே, ‘மாதிரி பயன்படவில்லை’ என்று மட்டும் இருந்தது. நீயே எழுதி வைத்துவிட்டுப் போன வரி என்றார் அவர். காரணம் எங்கும் இல்லை. நன்றிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. நானாக இருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் அஞ்செட்டிக்குப் போய் உன் அம்மாவிடம் விவரம் சொன்னேன். அந்தக் கற்கள் மனிதர் யாரும் இல்லாத காலத்தில் அங்கே புதைந்தவை என்றேன். “எம் பொண்ணு நெனச்சது சரியா வந்துச்சா?” என்று கேட்டார். வந்தது என்றேன். என் வேலை என்னவென்று என் வீட்டில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

பிறகு, “நீயும் அவகூடத்தானே படிச்ச? நீ ஏம்மா அதுக்குப் போவல?” என்றார்.

வீட்டில் விடவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

“எடம் ஒண்ணுதாம்மா இருந்துச்சு. அதுக்கு ஏத்தவ அவதான்,” என்றேன்.

சொன்ன பிறகும் பொறாமை போகவில்லை. உன் நினைவு வரும்போதெல்லாம் அதுவும் கூடவே வருகிறது. இரண்டையும் பிரித்துவைக்க எனக்குத் தெரியவில்லை, பிரிக்கவும் மனமில்லை.