படிக்க முடியாத முகூர்த்தம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள காயத்ரி அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி தமிழ்ச்செல்வி எழுதுகிறேன். அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா என்பதே இப்போது கோர்ட்டில் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். புனேயில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து வைத்திருப்பது தெரியும். அதனால்தான் பழைய பார்சல் அட்டையில் விலாசம் பார்த்துத் தபாலில் போடுகிறேன்.

உங்களுக்கு விஷயம் அரைகுறையாகத்தான் வந்திருக்கும். மலேசியாவில் அவர் இன்னொரு கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டார். நான் போட்ட வழக்குக்கு அவர் தரப்பில் வந்த பதில் இது: பத்திரிகை அடித்தது உண்மை, சிதம்பரத்தில் மண்டபம் பிடித்தது உண்மை, முகூர்த்தத்துக்கு முன்னால் தகராறாகிக் கல்யாணம் நின்றுபோய்விட்டதாம். லீவில் வரும்போதெல்லாம் என் வீட்டில் தங்கியதற்கு அவர் சொல்லியிருக்கும் காரணத்தை எழுதக் கை கூசுகிறது. கல்யாணத்தைப் பதிவு செய்யலாம், செய்யலாம் என்று சொல்லியே பிளேன் ஏறிவிட்டார். குமராட்சியிலிருக்கும் என் சொந்தக்காரர்கள் சாட்சிக்கு வரத் தயார். பெண் வீட்டார் எதையும் சொல்வார்கள் என்று அந்தப் பக்கம் தட்டிவிடும் என்கிறார் என் வக்கீல் சுப்புரத்தினம். ஆல்பம் வெள்ளத்தில் கூழாகிவிட்டது. கல்யாண டிவிடி இரண்டில் மிஞ்சியது முதலாவது மட்டும்தான்.

அவருடைய பழைய கம்ப்யூட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. விண்டோஸுக்குக் காசு அழ மாட்டேன் என்று லினக்ஸ் போட்டு வைத்திருந்தாரே, அதேதான். கல்யாணமான புதிதில் அதில்தான் டிவிடியைக் காப்பி எடுத்தார். அவ்வளவு பெரிய படம் போனில் ஏறாது என்று சுருக்கினார். அசையாத இடத்துக்கு ஒரே படத்தை வைத்துக்கொண்டு, அசைவதை மட்டும் சுருக்குகிற புரோகிராம் புதிதாகக் குறித்துக்கொள்ளுமாம். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பந்தியில் சாப்பிடுகிறவர்களை வெட்டிவிட்டால் இன்னும் சின்னதாகுமே என்றேன். “ஒருத்தரையும் வெட்டக் கூடாது செல்வி, எல்லாரும் எங்கூட வரணும்” என்றார். அதைச் சொன்ன மனுஷன்தான் அண்ணி, கடைசியாக வந்துபோனபோது அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸைத் தவிர எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். வழக்குப் போட்ட பிறகுதான் அதைத் திறந்து பார்த்தேன். எனக்கு எங்கே புத்தி போச்சோ.

அந்த முதல் டிவிடியின் விளிம்பில் வெள்ளத்துச் சேறு ஏறிக் கறையாகிவிட்டது. தாலி கட்டுவது அந்த டிவிடியின் கடைசியில், சரியாக அந்தக் கறைக்கு அடியில் இருக்கிறது. பிளேயரில் போட்டால் மாலை மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் ரேகா இன்று வந்து, லினக்ஸில் ஒரு புரோகிராமை ஓடவிட்டாள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து முயற்சி செய்யுமாம். காலையிலிருந்து அது அரைத்துக்கொண்டே இருந்தது. நான் சமைக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சாயங்காலம் ரேகா நாற்காலியைத் தள்ளிவிட்டு, “இதுக்கு மேல வராதுக்கா” என்றாள்.

வந்தவரைக்கும் பார்த்தேன். கெட்டிமேளம் நன்றாகவே கேட்கிறது. என் தலை குனிந்திருக்கிறது. அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் சிவப்புமாய்க் கட்டம் கட்டமாக நிற்கிறது. யார் வேண்டுமானாலும் அது யாரோ என்று சொல்லிவிட்டுப் போகலாம். திரும்பப் படம் தெளியும்போது தாலி என் கழுத்தில் இருக்கிறது, அவர் கேமராவுக்கு முதுகு காட்டி யாரிடமோ பேசுகிறார். அப்புறம் நான் அழுததை ரேகா யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அன்றைக்குச் சுருக்கிய படத்தை ஒரு பென்டிரைவில் போட்டு உங்களுக்கும் கொடுத்தாரே, அது இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே தெரிகிறது, நீங்கள் அனுப்ப மாட்டீர்கள்.

போன வாய்தாவுக்கு உங்கள் அம்மாவும் வந்திருந்தார்கள். பழக்கதோஷம், பக்கத்தில் போய் அத்தை, முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, “யாரும்மா நீ?” என்றார்கள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாதவர் மாதிரிக் கேட்டார்கள். அன்றிலிருந்து, நடந்தது நிஜம்தானா என்று எனக்கே நிலை கொள்ளவில்லை.

அண்ணி, படம் தெளிகிற அந்த இடத்தில் என் பின்னால் நிற்பது நீங்கள். உங்கள் முகத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அவர் போட்ட முதல் முடிச்சுக்கு மேல் மற்ற இரண்டையும் நாத்தனாராக நீங்கள்தான் போடுகிறீர்கள். இறுக்கிவிட்டு என் முடியை ஒதுக்கிச் சிரிக்கிறீர்கள். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார் வக்கீல். கூடப் பிறந்தவனுக்கு எதிராகக் கூண்டில் ஏறு என்று உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பென்டிரைவ் வேண்டாம். கோர்ட்டுக்கும் வர வேண்டாம். அந்த முடிச்சுகளை நான்தான் போட்டேன் என்று எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். யாரிடமும் காட்ட மாட்டேன். படித்துவிட்டுக் கிழித்துவிடுகிறேன்.

அண்ணனோடு நீங்கள் பல்லாண்டு தீர்க்கசுமங்கலியாக இருக்க வேண்டும்.

தமிழ்ச்செல்வி