மேப்பிள் மரத்தடியில் நான்

ஹனோவர், ஜேர்மனி
8.11.2006

இஞ்சாருங்கோ,

ஜப்பானிலிருந்து நீங்கள் அனுப்பிய படங்களை மகள் கணினியில் காட்டினாள். எண்ணினேன், முந்நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் மேப்பிள் இலைகள். அழகில்லை என்று பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்ல வேண்டிவரும்.

ஆள் பேசினால் படம் கெடும் என்றுதானே தனியாகப் போனீர்கள். ஒரு மரத்தில் வெயில் விழ இரண்டு மணித்தியாலம் காத்திருந்தீர்களாம். ஞாயிறு பூசைக்கு நான் சேலை உடுத்தி இறங்குமுன் மூன்று தரம் கார் ஹோர்ன் அடிப்பவரும் நீங்கள்தான்.

பிறகு நம் அல்பங்களை எடுத்தேன். இருபத்துநான்கு வருடத்தில் நான் இருக்கும் படங்கள் பதினாறு. பன்னிரண்டில் கையில் பிள்ளை, மூன்றில் கேக். மிச்சம் ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறேன்.

"அம்மா, இலையோடயோ உங்களுக்கு எரிச்சல்?" என்று லவினியா சிரித்தாள்.

"ஓம்" என்றேன்.

கியோட்டோவில் இலை இன்னும் சிவக்கவில்லை, மேலும் ஒரு கிழமை நிற்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கிழமையில்தான் எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாள். அன்றைய பூசைக்கும் எங்கள் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் பழைய கமராவின் ஜேர்மன் கையேட்டை அகராதி வைத்து வாசித்தேன். மாதா கோயில் மதிலில் கமராவை வைத்து, தானாகப் படமெடுக்கும் விசையை அழுத்திவிட்டு, பத்து விநாடிக்குள் மேப்பிள் மரத்தடிக்கு ஓடினேன். மூன்று தரம் முதுகுதான் விழுந்தது. நாலாவதை இதனுள் வைத்திருக்கிறேன். இலைகள் மங்கல், நான் தெளிவு.

நிற்பதென்றால் நில்லுங்கோ. இதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கோ.

இந்தமுறை ஹோர்னுக்கு முன்பே சேலை உடுத்தி வாசலில் நிற்கப்போகும்,
உங்கள் மனைவி