எலி அறைக்குள் எனக்குத் தடை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. வாய்க்கு ஒருநாளும் வலி வந்ததில்லை, அது உனக்கே தெரியும்.

மருந்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். "பொறப்புலயே எதிர்ப்புச் சக்தி இல்லாதவனுக்குப் புண்ணு வந்துட்டேதான் இருக்கும், விடுக்கா" என்று ஒரு வரி வேறு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையேதான் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரும் சொன்னார், என் எலிகளைப் பற்றி.

உன்னைப் போலவே பரம்பரைக் குறைபாடு உள்ள எலிகள் அவை. கழுத்திலும் காதோரமும் புண். அங்கே மிருக டாக்டர் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமலேயே, "பிறவிக் கோளாறும்மா, மொத்தமா முடிச்சிடுங்க" என்றார். முடியாது என்றேன். புண்ணிலிருந்து சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். மனிதர்களிடமிருந்து தொற்றும் கிருமி என்று வந்தது. அப்படியானால் அறைக்குள் போகிற எல்லோருடைய மூக்கையும் சோதிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தலைவர் கடுகடுத்தார், ஆனாலும் மூக்கைக் காட்டினார்.

அவர் மூக்கு சுத்தம். கிருமி இருந்தது என் மூக்கில்! ரோமத்தை விலக்கிப் புண்ணைப் பார்க்க, முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஊதுவேன், சின்ன வயதில் உன் முழங்காலில் ஊதியது போல. வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆய்வுக்கூடமே சிரித்தது. சிரிக்கட்டும். எனக்கோ தாங்க முடியாத சந்தோஷம். பிறப்பை மாற்ற முடியாது, மூக்கில் இருப்பதைத் துரத்தலாமே!

என் மூக்குக்குக் களிம்பு, எலிகளுக்கு மருந்து, இப்போதைக்கு அறைக்குள் எனக்குத் தடை. கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கிறேன். குறைபாடு அப்படியேதான் இருக்கிறது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் புண் ஆறி ரோமம் முளைத்துவிட்டது. முடிச்சிடுங்க என்ற பேச்சையே தலைவர் இப்போது எடுப்பதில்லை.

மாமாவுக்கும் இதே குறைபாடுதான். பிறவி என்று சொல்லித்தான் வைத்தியம் பார்க்காமல் அவரைச் சாக விட்டுவிட்டார்கள். அம்மா இன்றுவரை தன் தம்பி பெயரை வாயால் சொல்வதில்லை.

நான் அம்மா இல்லை. நாளைக்கே டாக்டரிடம் போ. புண்ணைச் சோதிக்கச் சொல், கூடத் தங்கியிருப்பவன் மூக்கையும் விடாதே. மருந்தைத் தொடங்கு. இல்லையென்றால் வேலையைப் போட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்துகொள்வேன், அப்புறம் உன் பாடு.

நீ தலை நரைத்து, பல் கொட்டி, என்னோடு சண்டை போட வேண்டும். அதற்கு ஒருநாள் குறைந்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

உன் அக்கா