மறதி அணிக்குக் கிடைத்த கைதட்டல்

1994 அக்டோபர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. உளுந்து ஊறப் போட்டது ஊறினபடியே இருக்கிறது. ஆட்ட மனசு இல்லை.

நேற்று நம் பிளாட் கார் ஷெட்டில் நடந்த நவராத்திரிப் பட்டிமன்றத்தில் இருந்தவர்கள்: நடுவர் சூசைராஜ் சார், சாந்தோம், ரிட்டையர்டு தமிழ் வாத்தியார். செகரட்டரி பெஞ்சாதி கல்பனா. மேல்மாடி டாக்டரம்மா, அவள் மாமியார். இஸ்திரி முனுசாமி, பின்னால் நின்றபடி. என் மகன் சேகர், மருமகள் உஷா, பேத்தி நித்யா. சேகர் அப்பா, முன்வரிசை. மேடையில் அந்தப் பக்கம் என் நாத்தனார் சரோஜா, அரக்குப் பட்டு, கோட்டூர்புரத்திலிருந்து ஆட்டோவில் வந்தாள். இந்தப் பக்கம் நான். இத்தனை பேரும் சாட்சி.

தலைப்பு: குடும்பம் நிலைக்கப் பெரிதும் தேவை நினைவா, மறதியா. கல்பனா வீட்டுக்கே வந்து, உங்கள் ஞாபகசக்திக்கு நீங்கள்தான் நினைவு அணி என்றாள். பெருமையாக இருந்தது. அஞ்சாம் கிளாஸ் படித்தவளை மேடைக்கு யார் கூப்பிடுகிறார்கள்? மறதி அணிக்கு சரோஜாவைக் கூப்பிட்டது பிறகுதான் தெரியும். மாதர் சங்கத்தில் பேசிப் பேசிப் பழகின வாய்.

அவள் பேச்சை வரி வரியாகச் சொல்வேன். எடுத்த எடுப்பில் என்னைப் புகழ்ந்தாள். எதிரணியில் இருக்கிற அண்ணிதான் தனக்கு இன்னொரு அம்மாவாம். கைதட்டல். பிறகு தன் மாமியார் வைக்கும் வத்தக்குழம்பைப் பற்றி ஒரு ஜோக், சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் குரலை இறக்கினாள். மைக்கின் இரைச்சல் கேட்கிற அளவுக்கு.

"எங்கம்மா உயிர் போறப்ப நான் பக்கத்துல இல்ல. ஏன் இல்லன்னு சொந்தக்காரங்க எல்லாம் கேட்டாங்க. தப்பு யார் மேலன்னு கேட்டாங்க." நிறுத்தினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "எனக்கு அது மறந்துபோச்சுங்க. அதனாலதான் இன்னிக்கும் அண்ணி வீட்டுல சாப்பிடறேன்."

டாக்டரம்மாவின் மாமியார் அழுதேவிட்டாள். நானாக இருந்தால் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்திருப்பேன். கண்ணாடியைத் துடைக்கத் தோன்றியிருக்காது. அங்கேதான் அவள் நிற்கிறாள், நான் எங்கேயோ நிற்கிறேன்.

தப்பு என் மேல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லலாம். மன்னித்துவிட்டேன் என்று அழுகிறவளுக்கு என்ன பதில் சொல்வது?

நடந்தது இது. சேகர் மூணாம் கிளாஸ் படித்தபோது மாமியார் படுத்த படுக்கை. அள்ளிப் போட்டதெல்லாம் நான். கடைசி வாரம், சரோஜாவக் கூப்பிடு, சரோஜாவக் கூப்பிடு என்று ஒரே புலம்பல். நான்தான் இவரைச் சைதாப்பேட்டைக்கு, அப்போது அவள் இருந்த வீட்டுக்கு அனுப்பினேன். தனியாகத் திரும்பி வந்தார். அவள் பிள்ளைக்குப் பரீட்சையாம். காரியத்தன்று எல்லார் எதிரிலும், எனக்கு யாருமே சொல்லலையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். இவர் தரையைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தச் சனத்துக்கு நான், பெற்ற மகளைக் கடைசி முகம் பார்க்க விடாத மருமகள். சேகர் கல்யாணப் பந்தியில்கூட ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அவள் சொன்னபோது இலையில் அவியல் விழுந்தது.

என் முறை வந்தது. எனக்குப் பேச்சு தெரியாது, நடந்தது தெரியும். கிழமை, அன்றைக்கு வைத்த கஞ்சி, மாமியார் போர்த்தியிருந்த பச்சைப் போர்வை, எல்லாம் சொன்னேன். கூட்டம் நெளிந்தது. சூசைராஜ் சார் மணியைத் தொட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. முன்வரிசையைக் காட்டி, இவரைத்தான் அனுப்பினேன், இதோ உட்கார்ந்திருக்கிறார், இவரையே கேளுங்கள் என்றேன்.

சார் சிரித்துக்கொண்டே, "அம்மா, இது கோர்ட் இல்ல, சாட்சி கூப்பிட. சரி, ஐயாவே சொல்லட்டும்" என்றார்.

எல்லாத் தலையும் திரும்பியது. இவர் எழுந்தார். சரோஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கும் மறந்துபோச்சு சார்."

அப்படி ஒரு சிரிப்பு. விசில். முனுசாமிகூட. தீர்ப்பு மறதிக்கு. அவளுக்கு எவர்சில்வர் குடம், எனக்கு டிபன் பாக்ஸ்.

அக். 11, செவ்வாய்

வெயில். மாவு ஆட்டியாச்சு. புளித்துவிட்டது.

மாடிப்படியில் நாலு பேர் நிறுத்தினார்கள். நாலு பேரும் சரோஜாவைப் பற்றி. டாக்டரம்மா என் கையைப் பிடித்து, "இப்படி ஒரு நாத்தனார் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் ஆன்ட்டி. நீங்களும் மனசுல இருந்து எடுத்துடுங்க" என்றாள். எதை எடுப்பது? அவளுக்கு என்ன தெரியும்? அடையாறில் ஏதோ பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு சரோஜாவைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கல்பனா மூலமாக. கல்பனா அழைக்க வந்தது என் வாசலுக்கு, பேர் போனது அவளுக்கு.

பேத்தி நித்யா பாத்ரூமில் அதே மாதிரி நிறுத்திப் பேசிப் பார்க்கிறாள். "எனக்கு அது... மறந்துபோச்சுங்க." கதவைத் தட்டி, தண்ணீரை மூடு என்றேன்.

எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்: நானும் செய்து பார்த்தேன். காய்கறி வண்டி ஏழுமலையிடம் போன வாரம் கொடுத்த கத்தரிக்காய் சொத்தை என்று சொல்லவேண்டும். வழக்கம்போலக் கத்தாமல் குரலை இறக்கி, "ஏழுமலை, உன்னை நம்பித்தானே வாங்கினேன்" என்று நிறுத்தினேன். அவன் பயந்துவிட்டான்.

"இன்னாம்மா, மயக்கமா வர்தா? குந்து குந்து. யக்கோவ், தண்ணி எட்தா."

அவளுக்கு வருவது எனக்கு வராது. அவளுக்கு அழகாகப் பொய் வருகிறது. எனக்கு நிஜம்கூட அழகாக வரவில்லை.

அக். 12, புதன்

பூஜைக்கு வாங்க: பொரி, கடலை, வெல்லம், வாழைப்பழம், மாவிலை. சேகர் வண்டிக்குச் சின்ன மாலை.

சேகரிடம் கேட்டேன், உனக்கு என்னடா தோன்றுகிறது என்று. "விடும்மா. அத்தை எவ்ளோ பெருந்தன்மையா பேசினாங்க." என் வயிற்றில் பிறந்தது.

இவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். காப்பி கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு. நிஜமாகவே ஞாபகம் இல்லையா?

"வயசாச்சு இல்ல. எத்தனையோ வருஷம்."

இருக்கலாம். போன மாதம் நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார். மயிலாப்பூர் குளத்தங்கரையில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். மறந்தே போயிருந்தால் பாவம், அந்த மனுஷனைக் குற்றம் சொல்ல முடியாது. தெரிந்த ஒரே ஆள் அவர். அவருக்கும் போய்விட்டது என்றால், நான் கூப்பிட்டு அனுப்பினேன் என்பது இனி என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. என்னோடு வெந்துவிடும்.

சாயங்காலம் வல்லாரைத் துவையல் அரைத்தேன், அவருக்கு. ஞாபகத்துக்கு நல்லதாம்.

அக். 13, வியாழன்

சரஸ்வதி பூஜை. புஸ்தகமெல்லாம் அடுக்கி மேலே துணி. இன்று எழுதக்கூடாது. இது மட்டும்.

அக். 14, வெள்ளி

மறுபடி மழை. சரோஜா வந்தாள், பூ, பழம், கையில் அந்தப் பள்ளிக்கூடத்து அழைப்பிதழ். நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு அடங்கினதும் கூடத்துப் பேச்சு காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. என் சமையலறையில் நின்றேன்.

அவள் கேட்டாள். மேடைக் குரல் இல்லை, சாதாரணக் குரல். "அண்ணா, நிஜமாவே மறந்துட்டியா?"

"எப்படிம்மா மறக்கும்? தொப்பலா நனைஞ்சு உன் வாசல்ல வந்து நின்னேன். அம்மா உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்காங்கன்னேன். நீ கதவைக்கூட முழுசா தொறக்கல."

அவள் அழைப்பிதழை மடிக்கிற சத்தம் கேட்டது.

"விடு. இவ எப்படியும் தாங்கிக்குவா. உனக்குத்தான் தாங்காது."

கரண்டியைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன். சுண்டல் கொண்டுபோய் இரண்டு பேருக்கும் கொடுத்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்றார். சரோஜா என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாள், சீக்கிரமே கிளம்பினாள்.

சரோஜாவை ஒருவேளை மன்னித்தாலும் மன்னிப்பேன். அவளுக்கு வாய் இருக்கிறது, கூட்டம் கிடைத்தது, பேசினாள். இன்றைக்கு வந்து கேட்கவாவது கேட்டாள்.

இவர் தெரிந்தே மறைத்தது காரியத்தன்று ஒரு தடவை, மேடையில் ஒரு தடவை, புதன்கிழமை என் காப்பியைக் குடித்துக்கொண்டே ஒரு தடவை. தாங்கிக்கொள்வாளாம்.

கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து இவர் பேரை வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதினதும் இல்லை. இப்போது எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள், மா. தணிகாசலம்.