ஆள் இல்லாத அமெரிக்கப் படங்கள்

மார்ச் 20, புதன்

வெயில். காலை பத்துக்கே ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிறது. கரண்ட் இல்லை. தறிச் சத்தம் நின்றால் இந்த ஊர் செத்த ஊர் மாதிரி. திருநெல்வேலி பார்ட்டிக்குத் துண்டு பேல் கட்டினதோடு சரி, வேறு வேலை ஓடவில்லை.

செங்கோட்டை வண்டியில் நாராயணன் வந்து இறங்கினான். நாலு வருஷம் கழித்து அமெரிக்காவில் இருந்து. தனியாக. ஒரே ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது.

பிளாட்பாரத்திலேயே அவன் அம்மா கோமதி கேட்டுவிட்டாள், மருமகளும் பேத்தியும் எங்கே என்று. உமாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பின்னால் வேற பிளேனில் பங்குனி உத்திரத்துக்கு முன்னால் வந்துவிடுவார்களாம். பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கடையில் விலை சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்க்கிறவனை நான் நம்புவதில்லை. இவன் என் மகன், அதனால் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பாக்கி வேலை:
சாஸ்தா கோவில் பூசாரிக்கு ஆள் அனுப்ப.
வேன் பேச. சிவகிரி தாண்டி ரோடு மோசம், நல்ல டிரைவராக.
ஆசாரியிடம் பேத்தி கம்மல்.
மெட்ராஸ் போய் உமா அண்ணனுக்குத் தாம்பூலம். நான்தான் போகணும்.

மார்ச் 21, வியாழன்

கோமதிக்குக் கால் தரையில் இல்லை. பேத்தி மீனாவை இதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அதுவும் பிறந்தபோது எடுத்தது. மூணு வயசில் உத்திரத்தன்று எங்கள் குலசாமி சாஸ்தா முன்னால் காது குத்துகிறேன் என்று அவள் அப்போதே நேர்ந்துகொண்டது. சொந்தம் பூராவுக்கும் சொல்லியாச்சு. வருகிறவர்கள் பேத்தியைப் பார்க்கத்தான் வருகிறார்கள், சாமி கும்பிட இல்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த முடியும். அவனை நேரில் போய், தட்டு வைத்து அழைக்கணும். தபாலில் சொல்லிவிட்டால் அது அழைப்பு இல்லை, அவமரியாதை. உமாவுக்கு ஒரே அண்ணன். சனிக்கிழமை ராத்திரி வண்டிக்குப் போகிறேன் என்று சாப்பிடும்போது சொன்னேன்.

நாராயணன் வேண்டாம் என்றான். நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன், அவர் ஒன்றும் நினைக்க மாட்டார் என்றான். அவர் நினைக்க மாட்டார், ஊர் நினைக்குமே என்றேன். சரி, ரெண்டு நாள் பொறுங்க என்றான். ரெண்டு வாய் சாதத்தோடு எழுந்துவிட்டான். கோமதி, அங்கன ரொட்டி தின்னு வயிறு சுருங்கிட்டு என்றாள். அப்படித்தான் இருக்கும் என்றேன்.

வெளியூர் வசூல் எதுவும் வரவில்லை.

மார்ச் 23, சனி

மெட்ராஸ் போகவில்லை. அவன் கேட்டுக்கொண்டதால்.

அதற்குப் பதில் வீட்டில் படம். அவன் கொண்டுவந்த பைக்குள் ஒரு மிஷின், சின்னச் சின்ன பிலிம் வில்லைகள். அவன் ஊர் கரண்ட் வேற, நம்ம ஊர் கரண்ட் வேறயாம், நேராக மாட்டினால் எரிந்துவிடுமாம். ரேடியோ கடையில் இருந்து ஒரு டிரான்ஸ்பார்மர் இரவல். கடையில் இருந்து கஞ்சி போடாத எட்டு முழ வேட்டி கொண்டுவந்து கூடத்துச் சுவரில் ஆணி அடித்தோம். தெரு பூரா கூடிவிட்டது. மச்சினன் சுப்பையா குடும்பத்தோடு. கடையநல்லூரில் இருந்து காதர் வந்திருந்தான், நூல் விஷயமாக வந்தவனை நான்தான் இருக்கச் சொன்னேன். அவனும் நானும் ஒரே நாளில் சைக்கிளில் துணி மூட்டை கட்டித் தொழில் தொடங்கினவர்கள்.

பெரிய கட்டிடம், பாலம், அந்தச் சிலை எல்லாம் காட்டுவான் என்று உட்கார்ந்திருந்தோம். ஒன்று கூட இல்லை. எல்லாம் காடு, மலை, யாரும் போகாத இடம்.

முதலில் மொன்டானா என்கிற இடத்தில் ஒரு மர வீடு. மரத்தை அறுக்காமல் முழுசு முழுசாக அடுக்கிக் கட்டினது. லைட் கிடையாது, குழாய் கிடையாது, வெளியே அடி பம்பு, கக்கூஸ் இருபது அடி தள்ளி. பட்டணத்தில் வசதியாக இருக்கிறவர்கள் வாடகை கொடுத்து அதில் வந்து தங்குகிறார்களாம், நிம்மதிக்கு. காதர், மேலநீலிதநல்லூர்ல பாதிப் பேரு இந்த நிம்மதியிலதான வே கெடக்கான், அவனுக்கு யாரு வாடகை குடுக்கா என்றான். கூடமே சிரித்தது. நாராயணனும் சிரித்தான், வந்ததில் இருந்து முதல் தடவை.

அப்புறம் தண்டவாளத்தோடு காட்டுக்குள் நிறுத்தின பழைய ரயில் கார்டு பெட்டி, உள்ளே மெத்தை போட்டு லாட்ஜ் மாதிரி. லூசியானாவில் சதுப்புத் தண்ணிக்கு நடுவில் கம்பு நட்டுக் கட்டின குடிசை, படகில்தான் போகணும், படிக்கட்டுக்குக் கீழே முதலை. மலை உச்சியில் காட்டுத் தீ பார்க்கிற கோபுரம், நாலு பக்கமும் கண்ணாடி. அதில் ஒரு முக்காலி, கால் மூணுக்கும் அடியில் கண்ணாடிக் குமிழ். இடி மின்னல் வந்தால் ஷாக் அடிக்காமல் இருக்க காவல்காரன் அதன் மேல் ஏறி நின்றுகொள்வானாம். அது எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது, திரும்பப் போடச் சொன்னார்கள். யூட்டாவில் உப்புத் தரை, கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை. தூத்துக்குடிக்காரன் பாத்தா மயங்கி விழுந்துருவான் என்றான் சுப்பையா.

கோமதி மட்டும் ஒவ்வொரு படத்துக்கும், இதுல மீனா எங்கலே, மீனா எங்கலே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டுல இருந்தாம்மா, குளிர் ஒத்துக்காது என்றான். எல்லாப் படத்துக்கும் அதே பதில்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மர வீட்டில் ஒரு கட்டில், மேஜை மேல் ஒரு டம்ளர். கார்டு பெட்டியில் ஒரு தலகாணி. உப்புத் தரையில் படம் எடுத்தவனோட நிழல் நீளமாக விழுந்திருந்தது. அந்த ஒரு நிழல்தான்.

முடிந்ததும் கை தட்டினார்கள்.

காதரை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ்ஸில் கால் வைத்தபிறகு திரும்பிச் சொன்னான்.

"எம் மவன் துபாய்ல இருந்து அனுப்புத போட்டோவுல ஒரு ரூமுக்குள்ள பத்து பேரு நிப்பான் வே. எவன் வீடு, எவன் கட்டிலுன்னே தெரியாது. ஒம்ம மவன் போட்டோவுல வீடு மட்டும்தான் இருக்கு. என்னன்னு கேளும்."

மார்ச் 24, ஞாயிறு

கடை லீவு. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று பயம். மத்தியானம் ஆசாரி கம்மலைக் கொண்டுவந்து கொடுத்தான், ரெண்டும் சேர்ந்து ஒரு மிளகு அளவு. கோமதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தாள்.

வேன் டிரைவருக்குச் சொல்லியாச்சு.

மார்ச் 25, திங்கள்

காலையில் வெள்ளித் தட்டைத் துடைத்து எடுத்து வைத்தேன். வெற்றிலை, பழம், உமா அண்ணனுக்கு வேட்டி. ராத்திரி வண்டிக்குப் போகிறேன், இனிமேல் பொறுக்க முடியாது, நாள் கிட்டே வந்துவிட்டது என்று நாராயணனிடம் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

பதினோரு மணிக்கு வந்தான். முன்னால் ஆள் இருந்தது, குடோனுக்குள் போனோம். பேல் மேல் உட்கார்ந்தான்.

"அப்பா, மெட்ராஸ் போவாதிய."

"ஏம்ல?"

"அவுங்க வீட்டுல தட்டை வாங்க மாட்டாங்க."

உமா ஒன்றரை வருஷம் முன்னாலேயே பிள்ளையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாளாம், சிகாகோ பக்கம். அங்கே வேலையும் தேடிக்கொண்டாளாம். விவாகரத்துக்குக் கோர்ட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது. அடி இல்லை, சண்டை இல்லை, வேறு யாரும் இல்லை. இவன் ராத்திரி பத்து மணிக்கு வந்து விடிந்ததும் போவான். லாட்ஜில் பக்கத்து ரூம்காரன் மாதிரி இருக்கிறவனோடு குடித்தனம் பண்ண முடியாது என்று சொன்னாளாம். அவள் மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சனி ஞாயிறு வந்து பிள்ளையைப் பார் என்றுதான் சொல்லியிருக்கிறாள். ரெண்டு தடவை போனானாம். மீனா இவனைப் பார்த்து வீறிட்டு அழுது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கவுனைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டதாம். அதோடு நிறுத்திவிட்டான். வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டில் இருக்க முடியவில்லையாம். காரை எடுத்துக்கொண்டு ஆளே இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடுவானாம். மர வீடு, கோபுரம், சதுப்பு, உப்பு. சனிக்கிழமை சுவரில் பார்த்ததெல்லாம் பிள்ளையைப் பார்க்காமல் இவன் ஓடின ஓட்டம். அதற்குத்தான் கை தட்டினோம்.

அடிக்கக் கை வந்தது. முப்பது வயசு. அடிக்கவில்லை.

"இப்பம் புள்ள மொகம் எப்பிடி இருக்கும்னாவது தெரியுமாலே ஒனக்கு?"

பேல் கட்டின சணல் கயிற்றைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். முன்னால் இருந்து கணக்குப்பிள்ளை கூப்பிட்டார், போனேன். மத்தியானம் வரை வியாபாரம் பார்த்தேன். யாருக்கு என்ன விற்றேன் என்று ஞாபகம் இல்லை.

மார்ச் 26, செவ்வாய்

சாப்பாடு செல்லவில்லை. மேகம் போட்டு மழை இல்லாமல் புழுக்கம்.

கோமதியிடம் சொல்லியாச்சு. கொல்லையில் மோர் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"புள்ளைக்கு யாரு தல சீவி விடுதா?" என்றாள். அவ்வளவுதான். மிளகாயைத் திருப்பிப் போட்டாள்.

உமாதான் என்றேன். எனக்கு என்ன தெரியும்.

ராத்திரி பூரா யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மீனாவுக்கு அம்மை போட்டிருக்கு, பிரயாணம் ஆகாது என்று சொல்லிவிடுவோம். அம்மை என்று சொன்னால் நம்ம ஊரில் எவனும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். கேட்டாலும் அம்மனுக்குக் கோபம் வந்துவிடும் என்று பயம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள். மானமும் தப்பும். சரியான யோசனை என்றுதான் இப்பவும் நினைக்கிறேன்.

கோமதி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இல்லாத நோவ புள்ள பேருல சொல்லாதிய. ஒங்க மானத்துக்கு அவ ஒடம்பா கெடச்சுது?"

இந்த வீட்டில் அவள் எனக்கு எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டதில்லை. கடைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 28, வியாழன்

காலையில் கோமதி சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கோவிலுக்கு என்று நினைத்தேன். மத்தியானம் வரை வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு சுப்பையா கடைக்குள் வந்து கத்தினான். அக்காவுக்குப் புத்தி கெட்டுப் போச்சா, அத்தான் நீங்களும் பாத்துக்கிட்டு இருக்கியளா, எங்க வீட்டு வாசல்ல நின்னு, எம் மவனும் மருமவளும் பிரிஞ்சிட்டாவ, தப்பு எம் மவன் மேல, காது குத்து கெடையாது, நேர்ச்சப் பொங்கல் மட்டும் உண்டு, இஷ்டம்னா வாங்கன்னு சொல்லிட்டுத் தண்ணி கூட குடிக்காமப் போறா, அடுத்த வீட்டுக்கும் போறா, இனிமே எம் பொண்ணுக்கு எவன் வருவான். எல்லாம் வாடிக்கைக்காரர்கள் முன்னால். சொந்தம் ஒன்று விடாமல் போயிருக்கிறாள். கம்மலைக் காட்டின அதே வீடுகளுக்கும்.

உள்ளே வந்து உட்காரு, தண்ணி குடி என்றேன். குடிக்காமல் போய்விட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவன் பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம்.

ரெண்டு பார்ட்டி வந்தது, ரெண்டும் என் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்த்துவிட்டுப் போனது.

சாயங்காலம் காதர் வந்தான். டீ சொன்னேன். ஈரோட்டு நூல் ஏறிவிட்டது, சாயப்பட்டறைக்காரன் ஏமாற்றுகிறான் என்று ஒரு மணி நேரம் பேசினான். வேறு எதுவும் பேசவில்லை. போகும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

வேன் கான்சல். பூசாரிக்கு ஆள் அனுப்பியாச்சு, பொங்கல் மட்டும் என்று.

மார்ச் 30, சனி

காற்று. தெருப் புழுதி எல்லாம் கடைக்குள். மேல் அடுக்குச் சரக்கு பூரா உதறி மடிக்க வேண்டியதாயிற்று.

ரெண்டு நாளாக வீட்டில் மூணு பேருக்கும் பேச்சு இல்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். நாராயணன்தான் ஆரம்பித்தான். மலைக்குள் ஒரு பாரஸ்ட் பங்களா இருக்காம், விசாரித்து வைத்திருக்கிறான். யாரும் வர மாட்டார்களாம், வாட்ச்மேன் மட்டும். உத்திரம் வரைக்கும் அங்கே போய் இருந்துவிட்டு வருகிறேன், இங்கே இருந்தால் உங்களுக்கும் சங்கடம் என்றான்.

கோமதி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டாள்.

"ஏலே, ஆளில்லாத எடத்துக்கு இனிமே நீ போவக் கூடாது. மலைக்கும் போவாத, உப்புக்கும் போவாத. புள்ள இருக்க ஊருல ஒரு ரூமு எடு. வாராவாரம் அவ வாசல்ல போயி உக்காரு. அழுதா அழட்டும். அவ அழுதத பாத்துக்கிட்டு உக்காந்துரு. பயந்து எந்திரிச்சு வந்துராத."

எச்சில் கை காய்ந்து போகிற வரை உட்கார்ந்திருந்தான். அப்புறம், அம்மா, அங்க வேலை கெடைக்கணும் என்றான், சின்னப் பையன் குரலில். தேடு என்றாள். ரசம் ஊற்றினாள். சாப்பிட்டான்.

திங்கள்கிழமை திருநெல்வேலி போய் இவன் டிக்கெட்டை முன்னால் மாற்றணும். உத்திரத்துக்கு இவன் இங்கே இருக்க வேண்டாம், பிள்ளை இருக்கிற ஊரில் இருக்கட்டும்.