டியூபாவை விழுங்கிய என் குரல்

டிசம்பர் 11, வியாழன்

உலகத்திலேயே பெரிய வாய் கனடாவின் ஸ்காபரோவில்தான் இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரன் நான்.

இன்று தங்கச்சியின் மகள் ஆரணியின் பள்ளிக்கூடத்தில் நத்தார் இசை நிகழ்ச்சி. கிறிஸ்மஸ் பண்டிகையைத் திருட வரும் வில்லனின் பாட்டில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுவது அவள்தான். பாடுகிறவன் வில்லனை வரிக்கு வரி திட்டுவான். வில்லன் பதுங்கிப் பதுங்கி வரும் காலடியோ டியூபாவில் கேட்கும். இசைப் பள்ளிக்கு விண்ணப்பிக்க, குழுவோடு வாசிக்கும் வீடியோ வேண்டுமாம். நாளை கடைசி நாள். என்னை எடுக்கச் சொன்னாள்.

"மாமா, ப்ளீஸ், ஒண்டும் கதையாதேங்கோ."

"ஓம் பிள்ளை," என்றேன். ஆனால் வர்ணனை இல்லாமல் நான் வீடியோ எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. டியூபா தொடங்கியதும், "வன்னிக் காட்டு யானைக்குச் சளி பிடிச்சிட்டுது, எல்லாரும் ஓடுங்கோ!" என்று முழங்கினேன். பிறகு என் பகிடிக்கு நானே பாட்டு முடியுமட்டும் சிரித்தேன்.

காரில் அவள் என் போனை வாங்கிக் கேட்டாள்.

"மாமா, இதில நான் இல்லை. நீங்கள்தான் இருக்கிறியள்."

வோபர்னில் தன் வீட்டு வாசலில் போனைத் திருப்பித் தந்துவிட்டு இறங்கினாள். கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். வில்லனுக்குப் பாடிய வசவெல்லாம் எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். கடைசிச் சுரத்தில் மட்டும் மூச்சு வாங்கச் சிரிப்பை நிறுத்தியிருக்கிறேன். அங்கே அவளுடைய டியூபா மட்டும் தனியாகக் கேட்கிறது.

எவ்வளவு நல்லா ஊதியிருக்கிறாள், பிள்ளை.